லாபத்தைப் பங்கிடாத நிறுவனங்கள் ஏன் நிலைக்கின்றன?

மைசூரு நகரின் வடமேற்கு விளிம்பில் வெளிவட்டச் சாலையை ஒட்டியுள்ள ஹெப்பாள், கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம் பிரித்துக் கொடுத்த மனைகளில் எழுந்த ஆலைகளாலும், 300 ஏக்கருக்கும் மேல் பரந்திருக்கும் இன்போசிஸ் பயிற்சி வளாகத்தாலும் பெயர் பெற்ற பகுதி. அதே ஹெப்பாளின் தொழிற்பேட்டைக் குடியிருப்புப் பகுதியில்தான் சுவாமி விவேகானந்தா யூத் மூவ்மென்ட் என்ற தொண்டு நிறுவனத்தின் நிர்வாக அலுவலகமும், அதிலிருந்து கிளைத்த ‘கிராம்’ என்ற கொள்கை ஆய்வு அமைப்பும் இயங்குகின்றன. இன்போசிஸுக்குப் பங்குதாரர்கள் இருக்கிறார்கள், பங்குக்கு நாள்தோறும் சந்தையில் விலை குறிக்கப்படுகிறது, ஆண்டுதோறும் ஈவுத்தொகை வழங்கப்படுகிறது. தொண்டு நிறுவனத்துக்கோ உரிமையாளர் என்று எவரும் இல்லை. அதன் கையிருப்பில் மிஞ்சும் ஒரு ரூபாயைக்கூடத் தன் பங்கு என்று எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அப்படிப்பட்ட ஓர் அமைப்பு 1984இல் தொடங்கி, பின்னர் மருத்துவமனைகளையும் பள்ளியையும் நடத்திக்கொண்டு நீடித்திருப்பது எப்படி என்பதும், அந்த வேலையை ஒரு தனியார் நிறுவனமோ அரசோ ஏன் முழுமையாக ஏற்றுச் செய்யவில்லை என்பதும் பொருளியலுக்கு எளிதில் விடை கிடைக்காத கேள்விகளாக இருந்தன.

லாபத்துக்காக விற்கும் நிறுவனம், வரி வாங்கிச் செலவிடும் அரசு என்ற இரண்டை மட்டும் வைத்தே பொருளியல் நெடுங்காலம் தன் பாடங்களை எழுதி வந்தது. மடம், சத்திரம், மிஷன் ஆஸ்பத்திரி, அறக்கட்டளைப் பள்ளி ஆகியவையெல்லாம் ஈகையின் கணக்கில் சேர்க்கப்பட்டு, அறநூல்களின் பொறுப்பில் விடப்பட்டன. 1970களுக்குப் பிறகே, இவை இருப்பதற்குத் தனியான பொருளியல் காரணங்கள் உண்டா என்ற ஆராய்ச்சி முறையாகத் தொடங்கியது. அந்த ஆராய்ச்சி சொல்வது, நன்கொடைக்காகக் கை நீட்டப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படக்கூடியது. ஆயினும் தமிழ் வாசகரிடம் அது அதிகம் வந்து சேரவில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். லாபநோக்கற்ற அமைப்பு என்றால் நட்டத்தில் ஓடும் அமைப்பு என்றோ, எதற்கும் கட்டணம் வாங்காத அமைப்பு என்றோ, அங்கே வேலை செய்பவர்கள் சம்பளம் பெறாதவர்கள் என்றோ பொருள் இல்லை. அது கட்டணம் வாங்கலாம், சம்பளம் கொடுக்கலாம், வரவு செலவு போக உபரியும் ஈட்டலாம். அந்த உபரியை நிறுவியவர்களுக்கோ, உறுப்பினர்களுக்கோ, நிர்வாகிகளுக்கோ பங்கிட்டுக் கொடுக்கக் கூடாது என்பதும், அது மறுபடியும் அமைப்பின் நோக்கத்துக்கே செலவாக வேண்டும் என்பதுமே இலக்கணம். இதைப் பொருளியலாளர் ‘பங்கீட்டுத் தடை’ என்ற கருத்தாக வகுத்திருக்கிறார்கள். இந்தியாவில் 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டமும் அதைப் பின்பற்றிய மாநிலச் சட்டங்களும், பொது அறக்கட்டளைகளுக்கான ஏற்பாடுகளும், 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவும் இத்தகைய அமைப்புகளுக்கு வடிவம் தருகின்றன. வருமானவரி விலக்கு பெற விரும்பும் அறக்கட்டளை தன் வருமானத்தில் பொதுவாக 85 விழுக்காட்டையாவது அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்று வரிச்சட்டமும் இந்தத் தடையை இறுக்குகிறது.

ஹெப்பாள் ஏரி, கோட்பாட்டின் முதல் படியை விளக்கப் போதுமானது. சுற்றிலும் குடியிருப்புகளும் ஆலைகளும் பெருகியபின் கழிவுநீர் கலந்து கெட்டுப்போன அந்த ஏரியைத் தூர் வாரிச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்து மீட்டெடுத்தால், நிலத்தடி நீரும் காற்றும் பறவைகளும் நடைபாதையும் அங்கு வாழும் அனைவருக்கும் கிடைக்கும். பணம் கொடுக்காதவரை மட்டும் அந்தப் பயனிலிருந்து விலக்கி வைக்க முடியாது. ஒருவர் அனுபவிப்பதால் மற்றவருக்குக் குறையாததும், எவரையும் விலக்க முடியாததுமான இத்தகைய நன்மையைப் ‘பொதுப்பண்டம்’ என்று 1954இல் பால் சாமுவேல்சன் வரையறுத்தார். எப்படியும் பயன் கிடைக்கப் போகிறது என்று தெரிந்தால், ஒவ்வொருவரும் மற்றவர் கொடுக்கட்டும் என்று ஒதுங்கி நிற்பார்கள் என்பதை, அதாவது ஊரார் செலவில் ஓசிச் சவாரி செய்யும் மனப்போக்கை, மன்கர் ஓல்சன் 1965இல் விரித்துரைத்தார். ஆகவே ஏரியைத் தனியார் நிறுவனம் வியாபாரமாக எடுத்துச் சீர்செய்யாது. கட்டாயமாக வரி வாங்கும் அதிகாரம் உள்ள அரசுதான் செய்ய வேண்டும் என்பது பழைய முடிவு.

அந்த முடிவு போதாது என்று 1975இல் சொன்னவர் அமெரிக்கப் பொருளியலாளர் பர்ட்டன் வைஸ்பிராட். வாக்குகளால் அமையும் அரசு, கருத்துகளின் நடுவில் நிற்கும் வாக்காளரைத் திருப்திப்படுத்தும் அளவுக்கே எந்தப் பொதுப்பணியையும் செய்யும் என்றும், அந்த அளவுக்கு மேல் வேண்டுவோரும் வேறு வகையில் வேண்டுவோரும் நிறைவடையாமல் எஞ்சி நிற்பார்கள் என்றும், சந்தையும் அவர்களுக்கு உதவாத நிலையில் அவர்கள் தாமே சேர்ந்து அமைத்துக்கொள்ளும் மூன்றாவது வழியே தொண்டு நிறுவனம் என்றும் அவர் வாதிட்டார். மக்கள் ஒரே மாதிரியாக இருக்கும் நாட்டில் இந்த எச்சம் சிறிதாக இருக்கும். மொழியாலும் மதத்தாலும் சாதியாலும் வாழ்முறையாலும் பிரிந்திருக்கும் நாட்டில் அது பெரிதாக இருக்கும், தொண்டு நிறுவனங்களும் மிகுதியாக இருக்கும். இந்தியாவுக்கு இது பொருந்துகிறது என்பதில் ஐயமில்லை.

மைசூரு மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள ஹெக்கடதேவனகோட்டே, சுருக்கமாக எச்.டி. கோட்டே, இந்த வாதத்துக்குத் தெளிவான சான்று. தேன் எடுத்து வாழ்ந்த ஜேனு குருபர், காடு குருபர், எரவர், சோலிகர் ஆகிய பழங்குடியினர், 1970களில் கபினி அணையின் நீர்த்தேக்கமும் பந்திப்பூர், நாகரஹொளே காடுகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வந்தபோது தங்கள் காட்டு வாழ்விடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டு, ‘ஹாடி’ எனப்படும் சிறு குடியிருப்புகளாகக் காட்டின் ஓரங்களில் சிதறினார்கள். ஜேனு குருபர் கர்நாடகத்தின் மிக நலிவுற்ற பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள். எச்.டி. கோட்டே சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதுதான் என்றாலும், வாக்காளர் பட்டியலில் இந்தக் காட்டுச் சமூகங்கள் சிறுபான்மையே. சில பத்து வீடுகள் கொண்ட ஹாடிக்கு மருத்துவரை அனுப்பாததால் எந்த ஆட்சியும் கவிழ்ந்துவிடாது. தனியார் மருத்துவமனைக்கோ, கையில் காசில்லாத நோயாளிகள் சிதறி வாழும் இடத்தில் கிளை திறக்க எந்தக் காரணமும் இல்லை. சந்தையும் வாக்கும் ஒருசேரக் கைவிட்ட அந்த இடத்துக்கு 1980களின் பிற்பகுதியில் போய்ச் சேர்ந்தவர்கள், மைசூரு மருத்துவக் கல்லூரியில் ஆர். பாலசுப்பிரமணியம் என்ற மாணவர் தம் நண்பர்களோடு தொடங்கிய யூத் மூவ்மென்டின் இளம் மருத்துவர்கள். கெஞ்சனஹள்ளியிலும் சரகூரிலும் மருத்துவமனைகளும், ஹொசஹள்ளியில் பழங்குடிக் குழந்தைகளுக்கான பள்ளியும் அதன் பின்னர் உருவாயின.

தமிழகத்தில் வைஸ்பிராடின் கருத்துக்கு இணையான சான்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. காலராவும் காசநோயும் அரசின் கவனத்தை நிறைத்திருந்த காலத்தில், புற்றுநோயாளிகள் எண்ணிக்கையில் சிறியவர்களாகவும், பிழைக்க மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களாகவும் இருந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். ஓர் அரசின் முன்னுரிமைப் பட்டியலில் கீழே கிடந்த நோய்க்கு நாட்டின் முதன்மையான சிகிச்சை மையங்களுள் ஒன்று பிறந்தது இப்படித்தான்.

ஆனால் வைஸ்பிராடின் வாதத்தில் ஒரு பெரிய இடைவெளி உள்ளது. நிறைவடையாத மக்கள் தாமே பணம் போட்டுத் தமக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறார்கள் என்பது அவர் தீட்டிய படம். ஹாடியில் வாழும் ஜேனு குருபர் குடும்பம் மருத்துவமனை கட்டப் பணம் போடவில்லை. பணம் கொடுத்தவர்கள் மைசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். சிகிச்சை பெறுபவர்கள் காட்டோரத்தில் இருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. கடையில் அரிசி வாங்குபவர் அதை அள்ளிப் பார்க்கிறார், சமைத்துப் பார்க்கிறார், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போகிறார்; முன்பின் அறியாத ஒரு குழந்தையின் சிகிச்சைக்காகப் பணம் அனுப்புபவருக்கு இந்த வசதிகளில் ஒன்றும் இல்லை. அவர் அனுப்பிய ஆயிரம் ரூபாய் மருந்தாயிற்றா, மேலாளரின் காருக்குப் பெட்ரோல் ஆயிற்றா என்று அவரால் அறிய இயலாது. இங்கிருந்துதான் இந்தத் துறையின் மிகவும் வலுவான விளக்கம் தொடங்குகிறது.

யேல் பல்கலைக்கழகத்தின் சட்ட இதழில் 1980இல் ஹென்றி ஹான்ஸ்மன் வெளியிட்ட கட்டுரை, இந்நிலையை ‘ஒப்பந்தத் தோல்வி’ என்று விளக்கியது. வாங்கும் பொருளின் தரத்தையும் அளவையும் வாங்குபவரால் சோதிக்க முடியாதபோது, விற்பவர் லாபத்துக்கு உழைப்பவராக இருந்தால், தரத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் தூண்டுதல் அவருக்கு எப்போதும் இருக்கும்; வாங்குபவரும் அதை ஊகித்து வாங்காமலேயே விலகிவிடுவார். பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970இல் விளக்கிய ‘தகவல் சமமின்மை’யும் இதுவே. இந்தச் சிக்கலை முழுதும் தீர்க்காவிட்டாலும் பெரிதும் தணிப்பது பங்கீட்டுத் தடை என்பது ஹான்ஸ்மனின் முடிவு. ஏமாற்றி மிச்சம் பிடித்தாலும் அந்த மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வழியில்லை என்றால், ஏமாற்றுவதற்கான காரணமே பாதி போய்விடுகிறது. நல்லவர்கள் நடத்துவதால் மட்டும் மக்கள் தொண்டு நிறுவனத்தை நம்புவதில்லை. கெட்டவர்கள் நடத்தினாலும் அதிகம் சுருட்ட முடியாதபடி அதன் அமைப்புவிதி இருப்பதால் நம்புகிறார்கள் என்று இதை விரித்துச் சொல்லலாம். எட்வர்ட் கிளேசரும் ஆந்திரே ஷ்லைஃபரும் 2001இல் இதையே நிறுவனரின் பக்கமிருந்து பார்த்து, தன் கைகளைத் தானே கட்டிக்கொள்பவரை வாடிக்கையாளரும் நன்கொடையாளரும் எளிதில் நம்புகிறார்கள் என்பதாலேயே சிலர் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டினார்கள்.

மருத்துவத்தில் இந்த வாதம் இன்னும் கூர்மை பெறுகிறது. தனக்கு என்ன நோய், எந்தச் சிகிச்சை தேவை, செய்த சிகிச்சை சரிதானா என்ற மூன்றையும் நோயாளி மருத்துவர் சொல்லித்தான் அறிய வேண்டியிருக்கிறது என்பதால், மருத்துவம் மற்றச் சரக்குகளைப் போன்றதன்று என்று கென்னத் ஆரோ 1963இலேயே எழுதி, மருத்துவமனைகளில் லாபநோக்கற்றவை மிகுந்திருப்பதற்கும் அதற்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார். யூத் மூவ்மென்டின் தொடக்க காலப் பணியும் இந்த இடத்தில் பொருள் பெறுகிறது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் மருத்துவர்களுக்கு இலவசமாகத் தந்துவிட்டுப் போகும் சாம்பிள் மருந்துகளைச் சேகரித்து, மருத்துவமனையில் கிடக்கும் ஏழை நோயாளிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதுதான் மாணவர்களாக இருந்தபோது அவர்கள் செய்தது. மருந்துக் கடை வைத்து லாபம் பார்ப்பவரிடம் எந்த மருத்துவரும் தம் சாம்பிள்களை இலவசமாகக் கொடுத்திருக்க மாட்டார். வாங்கியதை விற்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அந்த மாத்திரை அட்டை கை மாறும். பங்கீட்டுத் தடை என்ற கோட்பாட்டின் மிகச்சிறிய வடிவம் அது.

இதே நுட்பத்தைத் தமிழகக் கல்வெட்டுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்டிருக்கின்றன. சோழர் காலத்தில் கோயிலில் அணையா விளக்கு எரிக்க விரும்பியவர் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். அந்த ஆடுகளை ஏற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளால் மந்தையை நிரப்பி அதே எண்ணிக்கையை வைத்திருக்க வேண்டும் என்பதால், ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அவற்றைக் குறித்தன. மூலதனத்தை யாரும் தின்றுவிடக் கூடாது, வருவாய் மட்டுமே குறித்த பணிக்குச் செல்ல வேண்டும் என்ற விதி இதில் முழுமையாக இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் எத்தனை ஆடுகள் எந்த இடையரிடம் விடப்பட்டன என்பதும், நெய்யை எந்த அளவையால் அளக்க வேண்டும் என்பதும் பெயர் பெயராகக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கொடுத்தவர் இறந்த பின்னும் விளக்கு எரிகிறதா என்று கோயிலுக்கு வரும் எவரும் பார்க்கலாம். எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்பது சுவரிலேயே இருக்கிறது. ஹான்ஸ்மனின் கோட்பாட்டுக்குக் குறைவாகக் கவனிக்கப்படும் மறுபாதி ஒன்று உண்டு என்பதை, அதாவது தடை மட்டும் போதாது, அது மீறப்பட்டால் தெரியவரும் ஏற்பாடும் வேண்டும் என்பதை, அந்தச் சுவர் அவரைவிடத் தெளிவாகச் சொல்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையின் மருத்துவருக்கும் பணிப்பெண்களுக்கும் மருந்துகளுக்கும் உரிய ஒதுக்கீட்டைத் தனித்தனியாகப் பட்டியலிடுவதும் இந்த மரபில் வந்ததே.

உபரி ஈட்டுவதும் லாபநோக்கற்றிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்தால் போதும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, கட்டணம் கொடுப்போரிடமிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டே கட்டணமில்லாத, சலுகைக் கட்டண அறுவைச் சிகிச்சைகளை நடத்தி வளர்ந்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து 100 டாலர் அளவில் வந்துகொண்டிருந்த காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற தன் உற்பத்திப் பிரிவைத் தொடங்கி, அதை ஏறத்தாழ 10 டாலருக்குக் கொண்டுவந்தது. உபரிக்கு உரிமையாளர் இருந்திருந்தால், விலை குறைந்ததால் கிடைத்த நன்மையின் பெரும்பகுதி ஈவுத்தொகையாகப் போயிருக்கும். இங்கே அது அடுத்த நோயாளியின் கண்ணுக்குப் போயிற்று. நிறுவனம் திறமையாக நடந்தால் அதன் பயன் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடக் கண்கூடான விடை இந்நாட்டில் அரிது.

எனினும் நம்பிக்கை தரும் எந்த முத்திரைக்கும் போலிகள் வரும். இந்தியாவில் கல்வி நிறுவனங்களை லாபத்துக்கு நடத்தக் கூடாது என்பதே பொதுவாகச் சட்டத்தின் நிலைப்பாடு. 2002இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயமான உபரியை ஏற்றுக்கொண்ட அதேவேளை கொள்ளை லாபத்தையும் நன்கொடைக் கட்டாயத்தையும் மறுத்தது. கர்நாடகம் 1984இலும் தமிழ்நாடு 1992இலும் மாணவர் சேர்க்கைக்காகக் கட்டாயமாக வாங்கும் கேப்பிட்டேஷன் கட்டணத்தைத் தடை செய்தன. தனியார் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் டிரஸ்ட் போன்ற லாபநோக்கற்ற வடிவங்களிலேயே நடக்கின்றன. ஆனால் நிறுவனரின் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்துக்கு டிரஸ்ட் கொடுக்கும் வாடகை, உறவினர்களுக்கான சம்பளம், உறவினரின் கம்பெனியிலிருந்து மட்டுமே வாங்கப்படும் சிமென்டும் பேருந்தும் என்று உபரி வெளியேறப் பல வழிகள் இருப்பது பெற்றோர் அறிந்த செய்தி. ஈவுத்தொகை என்ற வாசல் அடைக்கப்பட்டால் கொல்லைப்புறக் கதவு திறக்கிறது. நிறுவனருக்கும் உறவினருக்கும் பயன் சென்றால் வரிவிலக்கை மறுக்க வருமானவரிச் சட்டத்தில் இடம் உண்டு. அதைக் கண்டுபிடிப்பவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. மத்திய புள்ளியியல் நிறுவனம் எடுத்த நாடளாவிய கணக்கில், 2008 வரை பதிவான லாபநோக்கற்ற அமைப்புகள் சுமார் 31 லட்சம் என்று தெரிந்தபோது, நேரில் தேடிச் சென்ற கணக்கெடுப்பாளர்களால் கண்டறிய முடிந்தவை ஏறத்தாழ 7 லட்சம் மட்டுமே. பதிவுச் சான்றிதழ் நம்பிக்கைக்குச் சான்றாகாது.

காவல் இல்லாத அறம் என்னவாகும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் உயில் பழைய சாட்சி. 1794இல் அவர் மறைந்தபோது தம் பெருஞ்செல்வத்தைக் கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் எழுதி வைத்திருந்தார். நோக்கம் தெளிவாக இருந்தும் பொறுப்பேற்றவர்களின் கையில் அது பல பத்தாண்டுகள் முடங்கியது. சென்னை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியும் அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலையீடும் வந்த பிறகே அந்தச் சொத்து மீட்கப்பட்டு, 1842இல் பச்சையப்பன் பள்ளி பிறந்தது. ஒரு தலைமுறைக்கும் மேலான தாமதத்துக்குக் காரணம் ஈகை குறைந்ததன்று. கணக்குக் கேட்க ஆளில்லாமல் போனதே.

இதுவரை சொன்ன விளக்கங்கள் தேவையின் பக்கம் நின்று பேசுகின்றன. தேவை இருப்பதாலேயே ஒரு நிறுவனம் பிறந்துவிடுமா என்று கேட்டவர் எஸ்டெல் ஜேம்ஸ். லாபம் கிடைக்காது என்று தெரிந்தும் ஒன்றைத் தொடங்க யார் முன்வருகிறார்கள் என்பதே அவரது ஆராய்ச்சி. 1982இல் அவர் இலங்கையின் லாபநோக்கற்ற துறையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்க காலப் பணிகளுள் ஒன்று. பணத்தைவிட ஆதரவாளர்களையும் நம்பிக்கையாளர்களையும் பெருக்க விரும்பும் சமயக் குழுக்களே பெரும்பாலும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நிறுவுகின்றன என்பது பல நாடுகளை ஒப்பிட்டு அவர் வந்தடைந்த முடிவு. யாழ்ப்பாணத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். மாணவரின் மனத்தை வெல்ல நடந்த அந்தப் போட்டியில், 1960களின் தொடக்கத்தில் அரசு உதவி பெற்ற பள்ளிகளைக் கையகப்படுத்தும் வரை, அத்தீவின் வடக்கில் அடர்ந்த பள்ளி வலையமைப்பு உருவானது. மைசூரு இளைஞர்களுக்கும் உந்துதல் தந்தது ஒரு துறவியின் பெயர்தான். 1892இல் மைசூரு மகாராஜா சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராக அந்நகரில் தங்கிய விவேகானந்தரின் சொற்களைப் படித்துத்தான் அவர்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். இந்த ஊக்கத்தைச் சந்தையில் விலைக்கு வாங்க முடியாது என்பதால், எந்தக் கோட்பாடும் இதைக் கணக்கில் கொள்ளாமல் முழுமை பெறாது.

லெஸ்டர் சாலமன் 1987இல் இந்த விவாதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். சந்தையும் அரசும் தோற்ற இடத்தில் மிச்சத்தைப் பொறுக்க வருவது தொண்டு நிறுவனம் என்ற பார்வை வரலாற்றுக்குப் பொருந்தாது. பெரும்பாலும் முதலில் வருவது தன்னார்வ முயற்சி, அது போதாதபோதே அரசு வருகிறது என்றார் அவர். தன்னார்வத்துக்கும் சொந்தத் தோல்விகள் உண்டு: வேண்டிய அளவு பணம் ஒருபோதும் சேராது, சில கூட்டத்தாருக்கு மட்டும் உதவி போய்ச் சேரும், கொடுப்பவரின் விருப்பம் பெறுபவரின் மேல் சுமத்தப்படும், தொழில் பயிற்சி இல்லாதவர்கள் ஆர்வத்தால் மட்டும் வேலை செய்வார்கள். பள்ளி உணவின் கதையில் இவை அத்தனையும் தெரிகின்றன. காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம் ஊர்மக்களின் நன்கொடையை நம்பித் தொடங்கியது. நெல் விளைந்த ஊரில் அடுப்பு எரிந்தது, வறண்ட ஊரில் தடுமாறியது. அரசின் நிதி முழுமூச்சாக வந்து 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்த பின்னரே எல்லா ஊர்க் குழந்தைகளையும் எட்டியது. கர்நாடகத்தில் 2000இல் பெங்களூரில் தொடங்கிய அட்சய பாத்திரம், இன்று அரசின் தானியமும் நிதியும் நன்கொடையும் கலந்து பெரும் சமையற்கூடங்களை நடத்துகிறது. சூடான, சுத்தமான உணவு லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கிடைப்பது பெரிய நன்மைதான் என்றாலும், வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமையல் என்ற அதன் கொள்கை, உண்ணும் குழந்தைகளின் வீட்டு ருசியையும் பழக்கத்தையும் யார் தீர்மானிப்பது என்ற விவாதத்தைக் கிளப்பியது. பணத்தை அரசு தருவதும் பணியைத் தொண்டு நிறுவனம் செய்வதுமான கூட்டே இரு தரப்பின் குறைகளையும் ஈடுகட்டும் என்பது சாலமனின் முடிவு. அக்கூட்டில் உண்பவர்களின் குரலுக்கும் இடம் இருந்தாக வேண்டும்.

ஹெப்பாள் ஏரியை மீட்டவர் யார் என்ற கேள்வி இங்கே மிஞ்சி நிற்கிறது. வரி வாங்கும் அரசும், ஊர்மக்கள் சேர்ந்து அமைத்த சங்கமும் தலைமையேற்காத அந்தப் பணியை, இன்போசிஸ் 1996இல் நிறுவிய தன் அறக்கட்டளையின் வழியாக, நூறு கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டு, அரசின் ஒத்துழைப்போடு அண்மை ஆண்டுகளில் செய்து முடித்தது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வரியைப் போலக் கட்டாயமும், நன்கொடையைப் போலத் தேர்வுரிமையும் கலந்த இந்த ஏற்பாட்டை 1970களின் கோட்பாடுகள் எதிர்பார்க்கவில்லை. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தருமாறு சட்டமே சொல்வதால், ஆலைகள் உள்ள ஹெப்பாளுக்கு ஏரி கிடைக்கிறது. ஆலை இல்லாத காட்டோர ஹாடிகளுக்கு அதே வேகத்தில் பணம் வருவதில்லை. நாட்டளவிலும் இந்நிதி மகாராட்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு போன்ற தொழில் வளர்ந்த மாநிலங்களில் குவிகிறது, வடகிழக்கு மாநிலங்களுக்குச் சிறு பங்கே செல்கிறது. ஏரி மீண்டது நல்ல செய்தி. ஆனால் தேவை மிகுந்த இடம் எது என்பதை லாபம் ஈட்டிய இடம் முடிவு செய்வது, வைஸ்பிராட் சுட்டிய குறையை நீக்காமல் வேறொரு வடிவில் திரும்பக் கொண்டுவருகிறது.

அவ்னர் பென்-நேர் 1991இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், பங்கீட்டுத் தடை என்ற விதியைவிட, பயன் பெறுவோரும் பணம் கொடுப்போரும் நிர்வாகத்தின் மேல் கண் வைத்திருப்பதே நம்பிக்கையின் உண்மையான ஊற்று என்று வாதிட்டார். தஞ்சைச் சுவரும் பச்சையப்பரின் உயிலும் அவர் பக்கமே நிற்கின்றன. அந்தக் கண்காணிப்பைச் செய்ய இன்று கல்வெட்டு தேவையில்லை. நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பதிவான அமைப்புகளின் விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். தணிக்கை செய்யப்பட்ட ஆண்டறிக்கையை எழுதிக் கேட்கலாம். அறங்காவலர்கள் யார், அவர்களுக்கும் அமைப்புக்கு வாடகைக்கு இடமும் பொருளும் கொடுப்பவர்களுக்கும் உறவு உண்டா என்று விசாரிக்கலாம். நன்கொடை கொடுக்கும் ஒவ்வொருவரும் வரிவிலக்கு ரசீதோடு இந்தக் கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்டும் தர மறுக்கும் அமைப்புக்கு அடுத்த ஆண்டு பணம் அனுப்ப வேண்டியதில்லை.